துறைமுகம் துறைமுகமாகச் சொன்ன கலியாணம்

ஜெனோவாத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி வெளியே போகும் வாசலில், சீருடை அணிந்த ஓர் அதிகாரி மச்சாளின் கைப்பையைத் திறந்து, உள்ளே இருந்த வெள்ளிச் சிமிழை எடுத்து, மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே நிறையச் சிவப்புத் தூள். அவருடைய முகம் மாறியது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார், பிறகு பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டார். விடுமுறை என்று வந்து முதல் துறைமுகத்திலேயே கம்பி எண்ணப் போகிறோம் என்று நினைத்தேன். மச்சாள் கொஞ்சமும் பதறவில்லை. "வெடிங்! மை டோட்டர்! வெடிங்!" என்று உரத்துச் சொல்லிவிட்டு, என் நெற்றியில் இருந்த பொட்டைச் சுட்டிக்காட்டினார். அதிகாரி என் நெற்றியைப் பார்த்தார், சிமிழைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்து, இரண்டு கைகளையும் விரித்து இத்தாலியில் என்னவோ வாழ்த்துச் சொன்னார். விட்டால் மச்சாள் அவருக்கும் ஒரு கலியாணக் கார்ட் எடுத்து நீட்டியிருப்பார்.

மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பவர். கணவர் இறந்த பிறகு, அவர் நடத்திய பேப்பர் கடையைத் தனியாக நடத்தி, ஒரே மகளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். கடைக்குள் குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிறவனைக் காலரில் பிடித்து வெளியே விடுவார். குப்பைத்தொட்டி எடுக்கவில்லை என்றால் கவுன்சில் அலுவலகத்துக்கே போய், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனுஷி, எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் ஹோலின் கடைசி வரிசையில், சாப்பாடு வைக்கும் பக்கமாகப் போய் இருந்துகொள்வார். மணமக்களுக்கு அறுகரிசி போட்டு வாழ்த்த எல்லோரும் எழும்பிப் போகும் நேரத்தில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருப்பார். கேட்டால், "அங்க சனமாக் கிடக்கு பிள்ளை" என்பார். நானும் அதை நம்பியிருந்தேன்.

மகளுக்குக் கலியாணம் பொருந்தியதும் மச்சாளுக்கு வந்த முதல் கவலை ஹோலும் இல்லை, நகையும் இல்லை. யார் யாருக்கு நேரில் போய்ச் சொல்வது என்பதுதான். எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் என்றால் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, குங்குமம் நீட்டி, வாயால் சொல்ல வேண்டும். தபாலில் வந்த கார்டுக்கு வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அதைக் காலமெல்லாம் சொல்லிக்காட்டுகிறவர்களும் உண்டு. லண்டனில் இருப்பவர்களுக்குச் சொல்வது லேசு. ஆனால் மச்சாளின் சொந்தம் இத்தாலிக் கரையோரமாகச் சிதறிக் கிடந்தது. ஜெனோவாவில் ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர், நேப்பிள்ஸில் மாமா மகள், பலெர்மோவில் கூடப்பிறந்த தங்கச்சி. எனக்கு அவரும் மச்சாள் முறைதான், ஆனால் போட்டோவில் பார்த்ததோடு சரி.

இதில் பலெர்மோதான் சிக்கல். தங்கச்சி தன் மகளுக்குக் கலியாணம் செய்தபோது மச்சாள் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை, கடையைப் பார்க்க ஆள் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டார். அன்றிலிருந்து அக்காவும் தங்கச்சியும் பேச்சுவார்த்தை இல்லை. என் கணவர்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் போனில் கதைத்துக்கொண்டிருந்தவர். "போனில ஒருக்காச் சொல்லிப் பாருங்கோவன் அக்கா" என்று அவர் சொன்னதற்கு, "போனில சொல்லுறதுக்கு இது என்ன வெதர் நியூஸே? அவள் வராமல் என்ர பிள்ளைக்குத் தாலி ஏறினால் அது எனக்குக் கலியாணமே இல்லை" என்று மச்சாள் சொன்னார். அப்போது அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அடுத்த கிழமை, சீலை எடுக்க அப்டன் பார்க் போன இடத்தில், டிக்கெட் கடை ஒன்றின் கண்ணாடியில் உல்லாசக் கப்பல் விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது. மச்சாள் அதன் முன்னால் நின்றுவிட்டார். பார்சலோனாவில் ஏறி, ஜெனோவா, ரோமுக்குக் கிட்ட ஒரு துறைமுகம், நேப்பிள்ஸ், பலெர்மோ. "எடி பிள்ளை, இஞ்ச பார். இந்தக் கப்பல் எங்கட ஆக்கள்ர வீட்டு வாசலெல்லாம் தொட்டுக்கொண்டு போகுது!" என்று துள்ளினார். என் கணவருக்குப் படகைப் படத்தில் பார்த்தாலே தலைசுற்றும். ஆகவே நானும் மச்சாளும் போவதென்று முடிவானது. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். போகிற வீடுகளில் குங்குமம் நீட்டி வாயால் சொல்வது நானாக இருக்க வேண்டும். லண்டன் வீடுகளிலும் அப்படித்தான் நடந்திருந்தது. "நீ நல்லாக் கதைப்பாய். எனக்கு வராது" என்றார். கவுன்சிலையே கதிகலங்க வைக்கிறவருக்குக் கதைக்க வராதாம். நான் சிரித்துவிட்டுச் சம்மதித்தேன். இத்தாலி பார்க்கக் கிடைக்கும் சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. விடியற்காலையில் கப்பலின் மேல்தட்டில் நிற்கிறேன். ஜெனோவா மெல்ல மெல்லக் கிட்ட வருகிறது. கடலிலிருந்து நேரே எழும்பிய மலை, அந்த மலையில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல மஞ்சளும் செம்மண் நிறமுமாக வீடுகள். கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது, பாதி யன்னல்கள் உண்மையான யன்னல்களே இல்லை, சுவரில் தீட்டிய படங்கள். நிழல்கூட வரைந்திருக்கிறார்கள். நான் சின்னப் பிள்ளைபோல "அது பொய் யன்னல், இது மெய் யன்னல்" என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒழுங்கைகள் அவ்வளவு ஒடுக்கம், எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். எண்ணெய் மினுங்கும் தட்டை ரொட்டி வேகும் மணம் ஒரு மூலையில், அடுத்த மூலையில் மீன். பிறகு தெருவிலேயே ஒரு லிஃப்ட்! பஸ் ஏறுவதுபோல டிக்கெட் வாங்கி உள்ளே போனோம், மலைக்கு மேலே கொண்டுபோய் விட்டது. கீழே நகரம் முழுவதும் சாம்பல் நிறக் கல்லோட்டுக் கூரைகளாகக் கிடந்தது, அதற்கு அப்பால் எங்கள் கப்பல் வெள்ளை வெளேரென்று நின்றது. நான் படம் எடுத்துத் தள்ளினேன். மச்சாள் மணிக்கூட்டைப் பார்த்தார். "ராகு காலம் தொடங்க முதல் அண்ணை வீட்ட போகவேணும். லண்டன் நேரத்துக்கே, இஞ்சத்தை நேரத்துக்கே பாக்கிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எதற்கும் இரண்டுக்கும் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம்.

அண்ணை வீட்டில் நான் குங்குமம் நீட்டிச் சொன்னேன். மச்சாள் எனக்குப் பின்னால், கதவோரமாக நின்றார்.

அடுத்த நாள் ரோமுக்குக் கிட்டிய துறைமுகத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. "இண்டைக்கு நீ ஃப்ரீ" என்று மச்சாள் எனக்கு லீவு தந்ததுபோலச் சொன்னார். ரோமுக்குப் போய்வர அவருடைய முழங்கால் இடம் கொடுக்காது, அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இருவரும் பழைய கோட்டை ஒன்றின் அருகே கடற்கரை மதிலில் இருந்து ஐஸ்கிரீம் குடித்தோம். எல்லோரும் பஸ் பிடித்து ரோமுக்கு ஓடுகிற அந்த ஊரில் நாங்கள் மட்டும் ஆற அமர இருந்தோம். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், நாயோடு சண்டை பிடிக்கும் ஒரு பெண் எல்லோரையும் பார்த்துக்கொண்டு மச்சாள் திடீரென்று, "அவள் சின்னனில ஐஸ்பழத்தை நக்க மாட்டாள், கடிப்பாள். பல்லுக் கூசும் எண்டு அழுது, பிறகும் கடிப்பாள்" என்று தங்கச்சியைப் பற்றிச் சொன்னார். அந்தப் பயணத்தில் அவர் தங்கச்சியைப் பற்றித் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "கதவைத் திறக்காட்டில் என்ன செய்யிறது பிள்ளை?" என்று கேட்டார். "திறப்பா மச்சாள்" என்று நான் சொன்னேன். எனக்கும் அது நிச்சயமில்லை.

நேப்பிள்ஸ் என்னைப் பைத்தியமாக்கிய ஊர். கப்பல் நேரே நகரத்தின் மடியில் போய் நிற்கிறது, இறங்கித் தெருவைக் கடந்தால் கோட்டை. ஒரு பக்கம் எரிமலை ஒன்றும் அறியாததுபோல முகில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. ஸ்கூட்டர்கள் நடைபாதையிலும் வரும், படிகளிலும் வரும். வீட்டுக்கு வீடு கயிறு கட்டிச் சட்டைகளைக் காயப் போட்டிருக்கிறார்கள், கீழே நடக்கிற எங்கள் தலையில் சொட்டுகிறது. எல்லோரும் கத்திக் கதைக்கிறார்கள், கைகளாலும் கதைக்கிறார்கள். லண்டனில் பஸ்ஸுக்குள் மெதுவாகப் பேசிப் பேசிச் சுருங்கிப்போன என் தொண்டை அங்கேதான் திறந்தது. மாமா மகள் இருந்தது ஐந்தாம் மாடியில், லிஃப்ட் இல்லை. எங்களைக் கண்டதும் பல்கனியிலிருந்து ஒரு கூடையைக் கயிற்றில் இறக்கினார். அந்தத் தெருவில் எல்லோரும் பாணும் மரக்கறியும் அப்படித்தான் மேலே எடுக்கிறார்கள். "மச்சாள், முழங்காலோட ஏற வேண்டாம்! கார்டைக் கூடையில வையுங்கோ, நான் எடுக்கிறன்!" என்று மேலிருந்து கத்தினார். மச்சாளுக்கு வந்ததே கோபம். "கூடையில வைச்சே கலியாணம் சொல்லுறது? நாங்கள் என்ன வெண்டிக்காய் விக்க வந்தனாங்களே?" என்று திருப்பிக் கத்திவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரி ஒருத்தி நடுவழியில் கதிரை கொண்டுவந்து போட்டு, கோப்பியும் தந்து அனுப்பினாள். மேலே நண்டுக் கறியும் புட்டும் தயாராக இருந்தன. இங்கேயும் நான்தான் சொன்னேன். மச்சாள் மூச்சு வாங்கியபடி குசினி வாசலில் நின்றார்.

பலெர்மோவுக்குள் நுழையும்போது மேல்தட்டில் என் பக்கத்தில் மச்சாளும் நின்றார். இரவு நித்திரை இல்லை என்று முகமே சொன்னது. துறைமுகத்துக்கு மேலே ஒரு பெரிய மலை, மொட்டைப் பாறை, காலை வெயிலில் ரோஸ் நிறமாக நின்றது. நான் "ஐயோ, பாருங்கோ!" என்று கத்திவிட்டேன். மச்சாள் பார்த்தது மலையை இல்லை, அதன் காலடியில் கிடந்த வீடுகளை. சந்தைக்குள்ளால் நடந்து போனோம். வாள்மீனின் தலையை வாளோடு நிமிர்த்தி வைத்து விற்கிறார்கள், பாட்டுப் பாடுவதுபோலக் கூவுகிறார்கள், அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒரு தட்டில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, பச்சை மிளகாய். விற்றவர் எங்கள் ஆள். மச்சாளின் தங்கச்சி வீட்டுக்கு வழி கேட்டோம், உடனே சொன்னார்.

கதவு திறந்தது. திறந்தவர் தங்கச்சியின் கணவர். எங்களை உள்ளே இருத்தி, தேத்தண்ணி வைத்துத் தந்து, பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அவ மலைக்கோயிலுக்குப் போட்டா. நீங்கள் வாறது தெரியும். தெரிஞ்சுதான் போனவ" என்றார். மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். கப்பல் மாலையில் புறப்பட்டுவிடும். காத்திருக்க ஏலாது. "எந்த மலை?" என்று கேட்டார். அவர் யன்னலால் காட்டினார். காலையில் நான் பார்த்துக் கத்திய அதே மலைதான். "வா" என்று என்னை இழுத்துக்கொண்டு மச்சாள் தெருவுக்கு வந்து, டாக்சி ஒன்றின் முன்னால் கையை விரித்து நின்றார்.

அந்த மலைப்பாதை! ஒவ்வொரு வளைவிலும் கடல் ஒரு புதிய நீலத்தில் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்திருப்பேன். அன்று என் கண் பாதி கடலிலும் பாதி மச்சாளின் முகத்திலும் இருந்தது. மேலே, பாறைக் குகைக்குள் ஒரு தேவாலயம். அந்த ஊரைக் காக்கும் புனிதையின் இடம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவ ஆட்களும் நேர்த்தி வைத்து அங்கே ஏறுவார்களாம். சீலை கட்டிய பெண்கள் மெழுகுதிரியோடு படியேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். குகையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அதைத் தகரப் பீலிகள் வைத்து ஒரு பக்கமாக வடியவிட்டிருக்கிறார்கள். அந்தப் பீலிகளுக்குக் கீழே, ஒரு நீண்ட மர வாங்கில், மச்சாளின் முகத்தையே கொஞ்சம் மெலியவைத்ததுபோல ஒரு பெண் இருந்தார். எங்களைக் கண்டார். எழும்பவில்லை.

நான் ஒரு கையில் கார்டையும் மறுகையில் சிமிழையும் எடுத்துக்கொண்டு முன்னால் போய், லண்டனிலும் ஜெனோவாவிலும் நேப்பிள்ஸிலும் சொன்னதையே தொடங்கினேன். "மச்சாள், உங்கட பெறாமகளுக்கு, அக்காவின்ர பிள்ளைக்கு..."

"நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ" என்று அவர் என்னை நிறுத்தினார். குரல் உயரவில்லை. எனக்குப் பின்னால் தூணோடு நின்ற அக்காவைப் பார்த்து, "என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு நீ ஏன் வரேல்லை?" என்று கேட்டார்.

"லீவு கிடைக்கேல்லை எண்டு..."

"உன்ர கடைக்கு உனக்கு ஆர் லீவு தாறது?"

மச்சாள் அழத் தொடங்கினார். அவர் இப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததே இல்லை. "அவர் போய் ஆறு மாசம்கூட ஆகேல்லை. அந்தக் கோலத்தில நான் வந்து உன்ர பிள்ளையின்ர மணவறைக்கு முன்னால நிக்கிறதே? ஏதும் ஒண்டு ஆகிப்போச்செண்டால்? சனம் என்ன சொல்லும்?"

"சனத்தையே நான் கூப்பிட்டனான்? உன்னையெல்லே கூப்பிட்டனான்" என்றார் தங்கச்சி. "முன் வரிசையில உனக்கு ஒரு கதிரை போட்டு வைச்சனான். வந்து இருக்கப் பாத்த ஆக்களை எல்லாம் எழுப்பிப்போட்டன். தாலி கட்டி முடியுமட்டும் அது வெறுங்கதிரை. எனக்கு அம்மா இல்லை, நீ மட்டும்தான். நீ வரேல்லை." என்னைக் கையால் காட்டினார். "இப்ப உன்ர பிள்ளைக்குச் சொல்லவும் வேற ஆளைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய். இவ சொன்னால் நான் வரமாட்டன். நீ சொல்லு."

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. கடைசி வரிசையும், தண்ணீர்ப் போத்தல்களும், கதவோரமும், குசினி வாசலும். கணவர் இல்லாத பெண் குங்குமம் நீட்டக்கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. லண்டனில் யார் சொல்லப் போகிறார்கள்? தானே தனக்குச் சொல்லி, தானே தன்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிமிழைக் கொண்டுபோய் அவருடைய கையில் திணித்தேன்.

மச்சாள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, பள்ளிக்கூட மேடையில் ஏற்றிவிட்ட பிள்ளைபோல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "என்ர மகளுக்கு... கலியாணம். நீயும் அவரும் பிள்ளைகளும் முதல் நாளே வந்து நிண்டு... நடத்தித் தரவேணும்."

தங்கச்சி எழும்பி வந்து நெற்றியை நீட்டினார். மச்சாளின் விரல் சிமிழுக்குள் போய், வெளியே வந்து, அந்தரத்தில் நின்றது. "வையன் அக்கா" என்றார் தங்கச்சி. வைத்தார். நடுக்கத்தில் பொட்டு ஒரு பக்கமாக இழுபட்டு, புருவம்வரைக்கும் போய்விட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, கட்டிப்பிடித்து, மறுபடி அழுதார்கள். பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த ஓர் இத்தாலியப் பெண்மணி, காரணம் தெரியாமலேயே எங்களோடு சேர்ந்து கண்ணைத் துடைத்தார்.

கப்பலைப் பிடித்தது பெரிய கூத்து. தங்கச்சியும் எங்களோடு டாக்சியில் ஏறி, வழியெல்லாம் அக்காவின் கையை விடாமல், சாரதியை "கெதியா, கெதியா" என்று தமிழிலேயே விரட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு அது விளங்கியதோ என்னவோ, பறந்தார். ஏணியை எடுப்பதற்குக் கொஞ்சம் முந்தித்தான் ஏறினோம். நான் மூச்சிரைக்க மேல்தட்டுக்கு ஓடி, "பலெர்மோ! போட்டு வாறம்!" என்று கரையைப் பார்த்துக் கத்தினேன். துறைமுக வேலிக்கு அப்பால் தங்கச்சி இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நின்றார், நெற்றியில் அந்தக் கோணல் பொட்டோடு. அதன் பிறகு நான் கணவரையும் மாத்திரை கொடுத்துச் சம்மதிக்கவைத்து வேறு கப்பல்களில் போயிருக்கிறேன். லிவோர்னோ பார்த்தேன், மெசீனா பார்த்தேன், ட்ரியெஸ்ட் பார்த்தேன். எல்லாம் அழகுதான், துள்ளாமல் நான் எந்த ஊருக்குள்ளும் நுழைந்ததில்லை. ஆனாலும் யாருடைய வீட்டுக் கதவையும் தட்டாமல் திரும்பி வரும் துறைமுகங்களில் எனக்கு ஏதோ ஒன்று குறைகிறது.

அன்று மலை சின்னதாகிக்கொண்டே போனது. மச்சாள் கம்பியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "லண்டன் போய் இறங்கினவுடன ரெய்னர்ஸ் லேன் வீடுகளுக்கெல்லாம் ஒருக்காப் போகவேணும்" என்றார்.

"அவையளுக்கெல்லாம் சொல்லி முடிச்சாச்செல்லே மச்சாள்?" என்றேன்.

"நீயெல்லே சொன்னனீ" என்றார் மச்சாள். "நான் இன்னும் அவையளில ஒருத்தருக்கும் சொல்லேல்லை."